பிரஸ் பிரேக் மெஷின்ல எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஷீட் பெண்டிங்ல 90 டிகிரி நிக்கவே மாட்டேங்குது, கொஞ்சம் அவசரம்

கார்னர்_கட்: எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) போட்டா கரெக்டா 90 நிக்குது, அதே செட்டிங்ல எஸ்எஸ் போட்டா 92, 92 அரைன்னு விரியுது. ஸ்ப்ரிங் பேக்னு தெரியும், அழுத்தம் எடுத்ததும் ஷீட் கொஞ்சம் திரும்பி விரியறது. கண்ட்ரோலர்ல 87 குடுத்தாச்சு, டன்னேஜ்தான் (அழுத்துற விசை) ஏறுது, ஆங்கிள் அசையல, ஷீட்ல டை (கீழ இருக்கிற வி வடிவ அச்சு) தழும்பு வேற விழுது. இன்னிக்கே லாட் போகணும், யாராச்சும் சொல்லுங்க.

பிரேக்_ஆபரேட்டர்: எத்தனை எம்எம்? டையோட வி ஓப்பனிங் (வாய் அகலம்) எவ்வளவு?

ஷீட்டு_மணி: கிரைன் பாருங்க ப்ரோ, அதாவது ஷீட்டை ரோல் பண்ணின திசை. ரோலிங் திசைக்கு குறுக்கா வளைக்கிறதுக்கும் நீளவாக்குல வளைக்கிறதுக்கும் வித்தியாசம் உண்டு, என் அனுபவத்துல பாதி பிரச்சினை அதுதான்.

டூல்ரூம்_பெருசு: மெட்டீரியல் கிரேடு இல்ல, திக்னஸ் இல்ல, டை விவரம் இல்ல, ஆனா அவசரம் மட்டும் இருக்கு. தம்பி, ஜாதகம் இல்லாம ஜோசியம் கேட்டா எப்படி? பெண்டிங் சார்ட்னு ஒண்ணு இருக்கு, மெஷின்ல கை வைக்கறதுக்கு முன்னாடி அதைப் பாக்கணும்.

கார்னர்_கட்: சாரி சார். 304 கிரேடு எஸ்எஸ், 2 எம்எம், வி 16 எம்எம், பெண்ட் நீளம் 1500 எம்எம், மெஷின் 100 டன்.

பிரேக்_ஆபரேட்டர்: டை ஆங்கிள்?? அதானே முக்கியம்

வளைவு_விடாதே: கீழ போனதும் ரெண்டு செகண்ட் ஹோல்ட் வைங்க, செட் ஆகிடும்.

பிரேக்_ஆபரேட்டர்: ஹோல்ட் வச்சா ஸ்டீல்ல சொல்லிக்கிற மாதிரி எதுவும் மாறாது, சைக்கிள் டைம்தான் போகும்.

கார்னர்_கட்: டை 90, பன்ச்சும் (மேலேருந்து அழுத்துற டூல்) 90. எம்எஸ்ஸுக்கு எப்பவும் இதான்.

பிரேக்_ஆபரேட்டர்: அப்ப அதான் விஷயம். 90 டைல ஷீட் 90-ஐத் தாண்டி உள்ள போக இடமே கிடையாது, ரெண்டு பக்கமும் டை சுவத்துல போய் ஒட்டிக்கும், நீங்க 87 குடுத்தா என்ன 80 குடுத்தா என்ன, டன்தான் ஏறும், தழும்பும் அதுலதான் வருது. எம்எஸ் ஒரு டிகிரிக்குள்ள திரும்புறதால லைட்டா அடிச்சு உக்கார வச்சு தப்பிச்சீங்க. 304 வி 16-ல வளைச்சா உள் ரேடியஸ் சுமாரா 3.2 வரும், திக்னஸ்ஸை விட ஒன்றரை மடங்கு, அதுக்கு ரெண்டு மூணு டிகிரி திரும்பத்தான் செய்யும். 85 டை, 85 பன்ச் மாட்டி ஏர் பெண்டிங்கா (ஷீட் டை சுவத்துல ஒட்டாம) 87-லேருந்து ஆரம்பிங்க, ஒரு துண்டு வளைச்சு வெளிய எடுத்து அளந்துட்டு மீதியை அட்ஜஸ்ட் பண்ணுங்க. மெஷின்ல இருக்கும்போதே அளந்துட்டு கரெக்டுன்னு விட்டுடாதீங்க.

ஷீட்டு_மணி: காயினிங் (ஷீட்டை டைல முழுசா அமுக்கி நசுக்கறது) பண்ணா 90 டைலயே வருமே?

பிரேக்_ஆபரேட்டர்: இந்த நீளத்துக்கு ஏர் பெண்டிங்குக்கே கிட்டத்தட்ட 35 டன் ஆகும், காயினிங்னா அதுக்குப் பல மடங்கு. 100 டன் மெஷின்ல வேண்டாம்.

வளைவு_விடாதே: எஸ்எஸ் கடினம், அதோட யங் மாடுலஸ் (விறைப்பு) அதிகம், அதான் ஸ்ப்ரிங் பேக் ஜாஸ்தி.

டூல்ரூம்_பெருசு: தப்பு. ரெண்டுக்கும் மாடுலஸ் 200 ஜிகாபாஸ்கல் பக்கம்தான். எஸ்எஸ்ஸுக்கு ஈல்டு (நிரந்தரமா வளைய ஆரம்பிக்கிற அழுத்தம்) அதிகம், வளைக்க வளைக்க இறுகவும் செய்யும், அதுதான் காரணம்.

வளைவு_விடாதே: அப்ப அலுமினியம் மெத்துன்னு தானே இருக்கு, அது ஏன் திரும்புது?

டூல்ரூம்_பெருசு: அதோட மாடுலஸ் 70தான். ஈல்டை மாடுலஸால வகுத்துப் பாருங்க, ரெண்டையும் சேத்துப் பாக்கணும். அடிப்படையே தெரியாம வாதம் பண்றாங்க.

வளைவு_விடாதே: மாடுலஸ் முக்கியம்னு தான் சார் நானும் சொன்னேன்

ஷீட்டு_மணி: கிரைனை யாருமே கண்டுக்கல 🙂

கார்னர்_கட்: 85 டை கிடைச்சுது, ஓரம் ரெண்டும் 90 வந்துடுச்சு, தழும்பும் இல்ல. நடுவுல மட்டும் 91, அதுக்கும் ஸ்ப்ரிங் பேக் சேத்துக் குடுக்கணுமா?

பிரேக்_ஆபரேட்டர்: வேண்டாம், அது வேற கதை. ஒரே ஷீட்ல ஓரம் சரி, நடு விரியுதுன்னா மெஷின் பெட் (டை உக்கார்ற அடிப்பாகம்) தொய்யுது. ஆங்கிளைக் குறைச்சா ஓரம் 89-க்குப் போயிடும். கிரவுனிங் (தொய்வுக்கு ஈடா நடுவைத் தூக்கிக் குடுக்கிற அமைப்பு) இருக்கா, இல்லன்னா டைக்கு அடியில நடுவுல மட்டும் ஷிம் (மெல்லிசு தகடு) வைக்கணும். கிரவுனிங் எந்த டைப்?

பிரேக்_ஆபரேட்டர்: இருக்கீங்களா?

ஷீட்டு_மணி: லாட் ஏத்தப் போயிட்டாரு போல. ஓரத்துல வளைச்ச துண்டோட கிரைன் எந்தப் பக்கம்னு மட்டும் வந்து சொல்லுங்க ப்ரோ.