குளிரில் கூட்டமாகப் பறக்கும் சிற்றீக்கள் எந்த இனம்?

கேள்வி:
உறைபனி விழத் தொடங்கி நான்கு நாட்களாகின்றன. ஆயினும் பிற்பகலில் சற்று வெயில் அடித்ததும், புதரோரமாகத் தலை உயரத்தில் இருபது, முப்பது சிறு பூச்சிகள் ஓரிடத்தை விட்டு விலகாமல் மேலும் கீழுமாக ஏறி இறங்கிப் பறக்கின்றன. உடல் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் இருக்கும், கால்கள் நீளமானவை. அருகில் நின்றும் அவை கடிக்கவில்லை. படங்கள் மங்கலாகவே வருகின்றன. இவை கொசுக்கள்தாமா? எதைப் பார்த்து உறுதி செய்வது?

பதில் 1:
கொசுவாக இருந்தால் தலையிலிருந்து நீண்ட உறிஞ்சுகுழல் நேராக நீட்டிக்கொண்டிருக்கும், இறக்கை நரம்புகளில் செதில்களும் இருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் டிரைகோசெரிடே குடும்பத்தைச் சேர்ந்த குளிர்கால ஈக்கள் என்றே எண்ணுகிறேன். இவற்றின் ஆண்கள்தாம் இப்படித் திரண்டு பறக்கும். பெண் ஈக்கள் இணைசேர அந்தத் திரளைத் தேடி வரும். புழுக்கள் மட்கும் இலைகளையும் காளான்களையும் தின்று வளர்வதால் அவற்றுக்கு நீர்நிலை தேவையில்லை.

ஆனால் கைரோனோமிடே குடும்பத்தின் கடிக்காத மிட்ஜ்களும் (கொசு போன்ற சிற்றீக்கள்) குளிரில் திரளக்கூடியவை என்பதால், ஒன்றைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். உச்சந்தலையில், பெரிய கண்களுக்கு இடையே, மூன்று புள்ளிகள் போன்ற தனிக்கண்கள் இருந்தால் அது குளிர்கால ஈ. அவை இல்லாமல், ஆணின் உணர்கொம்பு இறகுபோல் அடர்ந்திருந்தால் அது மிட்ஜ். பார்த்து முடித்ததும் பிடித்த இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

பதில் 2:
பனிமேலும் கவனியுங்கள். இறக்கையே இல்லாமல் சிலந்திபோல் நடந்து செல்லும் கியோனியா என்ற ஈ உண்டு. இறக்கை மறைந்தபின்னும், பறக்கும் ஈக்களுக்குச் சமநிலை தரும் குண்டூசி வடிவ உறுப்புகள் அதன் உடலில் எஞ்சியிருக்கின்றன. கால் உறையத் தொடங்கினால், உறைவு உடலுக்குள் பரவுமுன் அந்தக் காலையே உதிர்த்துவிடும். இமயமலைப் பனியாறு ஒன்றில் மைனஸ் 16 டிகிரி செல்சியஸிலும் நடமாடிய டயமேசா மிட்ஜ் பற்றி 1984இல் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. ஆகவே குளிரை மட்டும் வைத்து எதையும் விலக்கிவிட முடியாது.

கேள்வி கேட்டவர்:
இன்று ஒன்றைப் பிடித்துப் பார்த்தேன். மூன்று புள்ளிகளும் தெளிவாகத் தெரிந்தன. உணர்கொம்பு மெல்லிய நூல்போல் இருந்தது. இருவருக்கும் மிக்க நன்றி. இனப்பெயரையும் சொல்ல முடியுமா?

பதில் 1:
அப்படியானால் டிரைகோசெரிடேதான். இனத்தைப் பிரித்தறிய ஆணின் வயிற்று நுனியிலுள்ள இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் ஆராய வேண்டியிருப்பதால், குடும்பப் பெயருடன் நாளையும் வெப்பநிலையையும் குறித்து வையுங்கள்.