மறுமொழி: பவளம் நிறமிழப்பதற்கு ஒரு சொல் வேண்டும், அவசரம்

குழுவினருக்கு வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்கு சன்ஸ்கிரீனும் கடலும் பற்றி இரண்டு பக்கம் மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பவளத்துக்குக் கேடு என்று, ஆக்சிபென்சோன், ஆக்டினாக்சேட் என்னும் வேதிப்பொருள்கள் கலந்த சன்ஸ்கிரீனை மருந்துச்சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று ஹவாயில் 2018இல் சட்டம் போட்டு 2021 தொடக்கத்திலிருந்து நடைமுறைக்கு வந்ததே, அதுதான் பாடம். சன்ஸ்கிரீனை 'வெயில்காப்புக் களிம்பு' ஆக்கிவிட்டேன். 'கோரல் ப்ளீச்சிங்' மட்டும் நிற்கிறது. வெளுத்தல் என்றால் பிள்ளைகளுக்கு வேட்டிதான் நினைவுக்கு வரும்.
– செ.

பசலை என்று வையுங்கள் அம்மா! தலைவனைப் பிரிந்த தலைவியின் மேனியில் படரும் நிறமாற்றம். பவளத்துக்குள் குடியிருக்கும் பாசிதான் அதற்குச் சோறும் போடுகிறது, நிறமும் தருகிறது. அது பிரிந்தால் மேனி வெளிறுகிறது. குறளில் பசலையைப் பாடும் 'பசப்புறு பருவரல்' அதிகாரம் அப்படியே. பாசி, பச்சை, பசலை எல்லாம் ஒரே வேர், சொல்லுக்குள்ளேயே பாசி உட்கார்ந்திருக்கிறது பாருங்கள். இன்னொன்று. 2022இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் பவளத்தின் உறவான கடற்சாமந்தியில் பார்த்தது: உள்ளே போன ஆக்சிபென்சோனோடு அந்த உயிர் சர்க்கரையை ஒட்டிவிடுகிறது, அப்புறம் வெயில் பட்டதும் அதுவே நஞ்சாகிறது. அந்த நஞ்சில் ஒரு பங்கைப் பாசி தன்னிடம் வாங்கி வைத்துக்கொள்கிறது. துணை போனால் காவலும் போச்சு. இதற்குப் பசலையை விட்டால் வேறு சொல் உண்டா?
– இரா.

வேரெல்லாம் சரி ஐயா, நிறம்? பசலை பொன்னிறம். இங்கே சதை கண்ணாடிபோல ஆகி அடியிலுள்ள சுண்ணாம்புக்கூடு வெள்ளையாகத் தெரிகிறது. என் வகுப்பில் பசலை என்றால் கீரை, பசப்பு என்றால் வாய்ச்சாலம். 'வெளிறல்' போதும்.
– மு.

'இன்மை அரிதே வெளிறு' என்கிறாரே வள்ளுவர், அங்கே வெளிறு அறியாமை! மரத்தில் வைரம் ஏறாத பகுதியும் வெளிறுதான். போகட்டும், களிம்பை யாரும் கவனிக்கவில்லையா? செம்பில் ஏறும் பச்சைக் கறை அது. சைவ சித்தாந்தத்தில் உயிரை மறைக்கும் அழுக்கான ஆணவ மலத்துக்கு உவமை. அதையா முகத்தில் தடவுவது? 'வெயில்காப்புப் பூச்சு' என்க.
– ந.

மருந்துக்கடையில் களிம்பு என்றுதான் கேட்கிறோம், யாரும் ஆணவ மலத்தை எடுத்துத் தருவதில்லை. செ. அவர்களே, சொல் எதுவானாலும், பவளம் வெளிற முதற்காரணம் கடல் சூடேறுவது என்பதைப் பாடத்தில் விட்டுவிடாதீர்கள். களிம்பின் பங்கு எவ்வளவு என்பதில் அறிவியலாளர்களுக்குள்ளேயே வாதம் ஓயவில்லை.
– மு.

சூட்டைப் பற்றி ஒரு வரி சேர்த்தாயிற்று. வெளிறல் என்றே அனுப்பிவிட்டேன். களிம்பும் இருக்கட்டும்.
– செ.

பிறைக்குறிக்குள்ளாவது பசலை?
– இரா.

பக்கத்தில் இடமில்லை ஐயா.
– செ.