ஆவாரையும் வெள்ளெலியும்: எப்படி ஒப்பிடுவது?

செம்மண்காடு:
மகள் எட்டாவது படிக்கிறாள். ஊரில் உள்ள ஒரு காட்டுப்பூவையும் வளை தோண்டும் ஒரு பிராணியையும் சிற்றினங்களாக ஒப்பிட்டு எழுத வேண்டுமாம். நாங்கள் கானாடுகாத்தான் பக்கம், வீட்டுக்குப் பின்னாலேயே கண்மாய்க்கரை, அதனால் ஆவாரையையும் வெள்ளெலியையும் எடுத்துக்கொண்டாள். "செடி நகராது, எலி ஓடும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். மேற்கொண்டு என்ன எழுதலாம்?

பொட்டல்வெளி:
இரண்டுக்கும் ஒரே செம்மண், ஒரே சித்திரை வெயில். அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். வெள்ளெலி பகல் முழுக்க வளைக்குள் கிடந்துவிட்டு இருட்டினபிறகுதான் விதை, வேர், பூச்சி என்று தேடி வரும். ஆவாரைக்கு ஓடி ஒளிய இடமேது, நின்ற இடத்திலேயே வெயிலைத் தாங்கிப் பூக்கவும் செய்கிறது. விதைத்தோலும் கெட்டி, மண்ணில் காத்துக் கிடக்கும்.

கருவண்டு:
ஒரு பூவைப் பறித்து மகரந்தப்பையின் நுனியைப் பார்க்கச் சொல்லுங்கள், சின்னத் துளை இருக்கும். இந்தப் பூவில் தேன் கிடையாது, வண்டு வருவது மகரந்தத்துக்குத்தான், அதுவும் சும்மா கிடைக்காது, கருவண்டு பூவைக் கட்டிப் பிடித்து உடம்பை அதிரவைத்தால்தான் அந்தத் துளை வழியாகக் கொட்டும். எலிக்கு ஜோடி இருந்தால் குட்டி உண்டு. ஆவாரைக்கு இடையில் இன்னொரு உயிர் வர வேண்டும். எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படுவது இதுதான்.

வரப்புமேடு:
அறிவியல் பெயரையும் சேர்க்கட்டும். ஆவாரைக்குத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் காசியா ஆரிகுலேட்டா என்று பெயர் வைத்தார், இப்போது அது சென்னா பேரினத்தில் இருக்கிறது, அவரைக் குடும்பம். வெள்ளெலி டட்டெரா இண்டிகா, 1807இல் ஹார்ட்விக் என்ற இயற்கை ஆய்வாளர் விவரித்தது. வீட்டெலியும் அதே முரிடே என்ற எலிக் குடும்பம்தான், ஆனால் துணைக்குடும்பம் வேறு. அப்புறம், தயவுசெய்து வரப்பெலியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், நெற்கதிரை வெட்டி வளைக்குள் குவிப்பதில் பேர்போனது வரப்பெலி. வெள்ளெலிக்கு வயிறு வெள்ளை, நீண்ட வாலின் நுனியில் கறுப்பு மயிர்க்கொத்து.

செம்மண்காடு:
எல்லோருக்கும் நன்றி. காலையில் கரைக்குப் போனோம். வண்டு பூவுக்குள் இறங்கியதும் "ர்ர்ர்" என்ற சத்தம் எனக்கே கேட்டது. இத்தனை வருஷம் அந்த வழியாகத்தான் போய்வருகிறேன், இன்றுதான் காதில் விழுந்தது. மகள் முதல் வரியை அடித்துவிட்டு வண்டிலிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறாள். எலி கண்ணில் படவில்லை, வளை வாசலில் புதுமண் மட்டும் கிடந்தது.