ஹோம் ரன்னில் முதல், ஸ்டீலில் கடைசி: பாதி சீசனில் யாரை விற்பது?

பாளை நைட்ஷிப்ட்

அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம். இங்கே பேஸ்பால் பார்க்கிறவர்கள் யாராவது இருந்தால் ஒரு யோசனை சொல்லுங்கள்.

நான் பாளையங்கோட்டையில் இருந்துகொண்டே அமெரிக்க கம்பெனிக்கு ராத்திரி வேலை பார்க்கிறவன். அந்த ஊர் டீமில் பன்னிரண்டு பேர் ஃபேன்டஸி பேஸ்பால் லீக் நடத்துகிறார்கள்: நிஜ ஆட்டக்காரர்களை ஆளுக்கொரு டீமாகப் பிரித்து எடுத்துக்கொண்டு, அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுப்பதைக் கூட்டுவது. ஒருத்தர் வேலையை விட்டுப் போனதால் மார்ச்சில் என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். காசு கிடையாது, ஜெயித்தவர் வருஷம் பூராவும் பீற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். ரோட்டோ முறை, அதாவது பத்துப் பிரிவு, ஒவ்வொன்றிலும் எத்தனையாவது இடமோ அதற்குப் புள்ளி. இப்போது ஏழாவது இடத்தில் இருக்கிறேன்.

ஹோம் ரன்னில் (நம்ம சிக்ஸர் மாதிரி) 181, முதல் இடம், அடுத்தவருக்கு 158. ஆர்பிஐயிலும், அதாவது பேட்டர் அடித்து உள்ளே வரவைத்த ரன்னிலும், நான்தான் முதல். ஸ்டீலில், அதாவது பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிப் பிடிப்பதில், 61, கடைசி. சேவில் (குறைந்த முன்னிலையைக் காப்பாற்றி ஆட்டத்தை முடிப்பது) 11, அதிலும் கடைசி. எனக்கு ஒரு படி மேலே இருப்பவருக்கே 29. இஆர்ஏ, அதாவது பந்து எறிகிற பிட்சர்கள் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுக்கிற ரன், 3.84, நடுவாந்திரம். கையில் சேவ் எடுக்கிற கடைசி இன்னிங்ஸ் பிட்சர், அதாவது குளோசர், ஒரே ஒருத்தர், அவரும் தோற்றுக்கொண்டே இருக்கிற டீமில். ஆட்டக்காரர்களைப் பிரித்தெடுக்கிற டிராஃப்டில் முதல் சுற்றில் எடுத்த பெரிய பேட்டர் ஒரு மாதமாகத் தடவுகிறார், பேட்டிங் சராசரி .190 கூடத் தேறவில்லை, நூற்றுக்குப் பத்தொன்பது ஹிட் கூட இல்லை.

லீக்கில் முதல் இடத்தில் இருப்பது என் ஆபீஸ் மேனேஜர். அந்தப் பேட்டரைத் தந்தால் பதிலுக்கு ஒரு நல்ல குளோசர் தருகிறேன் என்கிறார். ஜூலை நடுவில் வருகிற ஆல் ஸ்டார் இடைவேளை முடிவதற்குள் சொல்ல வேண்டும். கொடுக்கலாமா?

இன்னொன்று, அங்கே சாயங்காலம் 7 மணி ஆட்டம் என்றால் நமக்கு விடியக்காலை 4:30. ஷிப்ட் முடிந்து கண் சொருகுகிற நேரத்தில் டீமைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது.

ஜங்ஷன் கிரிக்கெட்

காசு வைத்து ஆடுவதை 2025-இல் மத்திய அரசு சட்டம் போட்டு நிறுத்திய பிறகு நான் ஃபேன்டஸி பக்கமே போகவில்லை. ஆனால் ஐபிஎல்லில் என் வழி ஒன்றுதான்: நேற்று அடித்தவனை எடு, அடிக்காதவனைத் தூக்கு. தினமும் மாற்றிக்கொண்டே இரு. இதற்கும் அதுதானே?

கல்லிடை அண்ணாச்சி

ஜங்ஷன் தம்பி, அப்படி ஆடினால் மே மாசமே மூட்டை கட்ட வேண்டியதுதான். இது ஒரு நாள் கூத்து இல்லை. ஒவ்வொரு டீமுக்கும் 162 ஆட்டம், மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசி வரை அநேகமாகத் தினமும். மூன்று வாரம் சொதப்பாத பேட்டர் எவனும் கிடையாது. நீங்கள் தூக்கிப் போட்ட மறுநாள் பக்கத்து வீட்டுக்காரன் எடுத்துக்கொள்வான், உங்களுக்கு எதிராகவே அடிப்பான்.

பாளை தம்பிக்கு வருகிறேன். பன்னிரண்டு பேர் லீக்கில் ஒவ்வொரு பிரிவிலும் முதல் வந்தால் 12 புள்ளி, கடைசி வந்தால் 1. ஹோம் ரன்னில் 23 முந்தி வந்தாலும் 12தான், ஒன்று முந்தி வந்தாலும் 12தான். அந்த 23-க்கு மேல்காசு ஒன்றும் கிடையாது. சும்மா கிடக்கிற சரக்கு அது.

நான் திங்கட்கிழமை வெள்ளென எழுந்து, டீயைப் போட்டு வைத்துக்கொண்டு, ஒரு நீளக் கணக்கு நோட்டில் பத்துப் பிரிவையும் எழுதுவேன். எத்தனையாவது இடம் என்று எழுதுவதில்லை. எனக்கு மேலே இருக்கிறவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான், கீழே இருக்கிறவன் எவ்வளவு கிட்டத்தில் வந்துவிட்டான், இதை மட்டும்தான். சிவப்பு மையில் வட்டம் போடுவது நாலைந்து பேர் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிற பிரிவுக்கு. "ஆப்பிலேயே எல்லாம் வருதே அப்பா" என்று மகள் சிரிப்பாள். வரட்டுமே. 1980-இல் டேனியல் ஓக்ரென்ட்டும் அவர் கூட்டாளிகளும் ரோட்டோவைத் தொடங்கியபோது கணக்கெல்லாம் கையால்தான் கூட்டினார்கள். கையால் எழுதினால்தான் எனக்கு இடைவெளி கண்ணில் படுகிறது.

ஸ்டீலில் உங்களுக்கு மேலே இருக்கிற ஐந்து பேர் கணக்கைப் போடுங்கள். மிச்சத்தை அப்புறம் சொல்கிறேன்.

பாளை நைட்ஷிப்ட்

63, 66, 67, 70. அடுத்தவர் எங்கேயோ, 88.

கல்லிடை அண்ணாச்சி

பார்த்தீரா! இன்னும் பத்து ஸ்டீல் இருந்தால் 71. நாலு பேரைத் தாண்டி நாலு புள்ளி. 88-ஐத் துரத்த வேண்டாம், அது வீண் வேலை.

ஸ்டீல் இப்போது முன்னைப் போல அரிய பொருளும் இல்லை. 2023-இல் பேஸை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாகப் பெரிதாக்கினார்கள். பிட்சர் ரன்னரைப் பிடிக்கத் திரும்பத் திரும்ப எறிவதற்கும் கட்டுப்பாடு வந்தது. 2022-இல் மொத்த மேஜர் லீக்கிலும் 2,486 ஸ்டீல், அடுத்த வருஷமே 3,503. அதனால் வேவரிலேயே, அதாவது யார் டீமிலும் இல்லாதவர் பட்டியலிலேயே, ஸ்டீல் எடுக்க ஓடுகிற பையன்கள் கிடப்பார்கள். ஹோம் ரன்னும் ஸ்டீலும் ஒரே ஆளிடம் வேண்டும் என்று நிற்காதீர்கள். 2024-இல் ஜப்பான்காரர் ஓட்டானி 54 ஹோம் ரன், 59 ஸ்டீல் எடுத்தார் என்றால் அது ஓட்டானி.

சேவுக்கு வருவோம். கடைசிக்கு முந்தின ஆளுக்கும் உங்களுக்கும் 18 இடைவெளி. மேனேஜர் தருகிற குளோசர் மீதி சீசனில் 15 எடுத்தாலே பெரிசு, உங்களுக்கு மேலே இருப்பவரும் அதற்குள் சும்மா இருக்கப் போவதில்லை. ஒரு புள்ளிக்கும் வழியில்லை. சேவைக் கைகழுவுங்கள். உங்களிடம் இருக்கிற ஒரே குளோசரையும் விற்றுவிடுங்கள், அதுவும் இந்த வாரமே. ஜூலை கடைசி வாக்கில் நிஜ டீம்களின் டிரேட் கெடு முடியும். தோற்கிற டீம்கள் அதற்குள் தங்கள் குளோசரை ஜெயிக்கிற டீமுக்குத் தள்ளிவிடும். அங்கே ஏற்கெனவே ஒரு குளோசர் இருப்பார், நம் ஆள் எட்டாவது இன்னிங்ஸ் போடுவார், சேவ் கிடையாது. எங்கள் பக்கம் ஆடிக்காற்று தொடங்குவதற்குள் வாழைத்தாரை வெட்டி விற்கிற மாதிரிதான், காற்று அடித்த பிறகு விலை கேட்கக் கூடாது.

இஆர்ஏயில் கை வைக்காதீர்கள். இதுவரை சுமார் 750 இன்னிங்ஸ் போட்டிருப்பீர்கள். ஒரு பிட்சர் 4 இன்னிங்ஸில் 7 ரன் கொடுத்தாலும் 3.84 என்பது 3.90-தான் ஆகும். அதற்காக நல்ல பிட்சரை வீட்டுக்கு அனுப்புகிறவர்கள் உண்டு. டென்வரில் ஆட்டம் என்றால் மட்டும் உட்கார வையுங்கள். 1,600 மீட்டர் உயரத்தில் காற்று லேசு, பந்து கூடுதல் தூரம் பறக்கும்.

தென்காசிச் சாரல்

அண்ணாச்சி சொன்ன கணக்கு சரி. ஆனால் அந்த முதல் சுற்றுப் பேட்டரை இப்போது யாருக்குமே விற்காதீர்கள் தம்பி. மேனேஜர் ஏன் கேட்கிறார்? .190-இல் இருக்கும்போது மலிவாகக் கிடைப்பார் என்றுதான். பேஸ்பால் சாவன்ட் தளத்தைத் திறந்து, அவர் மட்டையிலிருந்து பந்து கிளம்புகிற வேகத்தைப் போன வருஷத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், இலவசம்தான். வேகம் அப்படியே இருந்து, பந்து ஃபீல்டர் கைக்கே போய்க்கொண்டிருந்தால் அது வெறும் கெட்ட நேரம். களத்துக்குள் விழுகிற பந்துகளில் பொதுவாகப் பத்துக்கு மூன்று ஹிட் ஆகும். அவருக்கு இரண்டுதான் ஆகிறதென்றால் தானாகவே ஏறும். வேகமே குறைந்திருந்தால் எங்கேயோ வலி, அப்போது வேறு பேச்சு.

விற்கிறதாக இருந்தால், இப்போது பொளந்து கட்டுகிற பேட்டர் ஒருத்தரை விற்றுவிட்டு ஓடுகிறவரை வாங்குங்கள். ஹோம் ரன்னில் இரண்டாவது இருப்பவருக்கு மட்டும் கொடுக்காதீர்கள். உங்களுக்கு 15 குறையும், அவருக்கு 15 கூடும், 23 முன்னிலை காணாமல் போகும். முதல் இடத்துக்காரருக்கும் கொடுக்க வேண்டாம், மேனேஜராக இருந்தாலும் சரி. அப்ரைசல் வேற, லீக் வேற.

தூக்கப் பிரச்சினைக்கு: உங்கள் லீக்கில் முதல் ஆட்டத்தோடு, டீமை மாற்ற முடியாதபடி, எல்லாமே பூட்டா, இல்லை அவரவர் ஆட்டம் தொடங்கும்போது பூட்டா என்று செட்டிங்கில் பாருங்கள். எப்படியிருந்தாலும் இரவு ஆட்டங்களுக்கு அன்றைய பேட்டிங் வரிசையை டீம்கள் பெரும்பாலும் நம்ம நேரம் நள்ளிரவு தாண்டியதும், ஒன்று ஒன்றரைக்குள் வெளியிட்டுவிடும். நீங்கள் அப்போது ஷிப்டில் முழித்துத்தானே இருக்கிறீர்கள்? நாங்கள்தான் அலாரம் வைத்து எழ வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கவனம். அங்கே பகல் ஆட்டம், இங்கே ராத்திரி பத்தரைக்கே தொடங்கிவிடும்.

ஜங்ஷன் கிரிக்கெட்

இவ்வளவு கணக்குப் போடுவதற்கு நான் சி.ஏ. படித்திருக்கலாம்.

பாளை நைட்ஷிப்ட்

அக்கா, சாவன்ட்டில் பார்த்தேன், பந்தின் வேகம் போன வருஷம் மாதிரியேதான் இருக்கிறது. அவரை வைத்துக்கொள்கிறேன். மேனேஜருக்கு "யோசித்துச் சொல்கிறேன்" என்று போட்டாயிற்று.

ஐந்தாம் இடத்துக்காரரிடம் ஓடுகிறவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஹோம் ரன்னில் அவர் ஒன்பதாவது. சேவில் அவருக்கு 44, அவருக்கு மேலே 45, 46, 46. என் குளோசரையும், ஜூனில் பொளந்து கட்டிய ஒரு பேட்டரையும் சேர்த்துக் கொடுத்தால்?

கல்லிடை அண்ணாச்சி

சேவில் மூன்று பேர் அவர் தலைக்கு மேலேயே உட்கார்ந்திருக்கிறார்களே, பிறகென்ன? முதலில் குளோசரை மட்டும் காட்டி ஓடுகிறவர் ஒருத்தரைக் கேளுங்கள். மசியவில்லை என்றால் பேட்டரையும் சேர்த்து இரண்டு பேரையும் கேளுங்கள். எடுத்ததுமே ரெண்டையும் மேசையில் வைக்காதீர்கள். ஒருத்தர்தான் வருவார் என்றால், அந்த இரண்டு பேரில் தன் டீமின் பேட்டிங் வரிசையில் முதலாவதாக இறங்குகிறவரை எடுங்கள். ஒன்பதாவது இறங்குகிறவர் எவ்வளவு வேகமாக ஓடினாலும் பேஸுக்கு வருகிற வாய்ப்பு குறைவு.

அப்புறம் செப்டம்பரில் அந்த ஊர்க்காரர்கள் பாதிப் பேர் அமெரிக்க ஃபுட்பாலுக்குப் போய்விடுவார்கள், டீமைத் திறந்தே பார்க்க மாட்டார்கள். அடிபட்டவர் இருந்த இடத்திலேயே இருப்பார். அப்போது ஒரு புள்ளி ஒரு புள்ளியாகப் பொறுக்கலாம். டிரேட் என்ன ஆச்சென்று இங்கேயே போடுங்கள் தம்பி.