இரவெல்லாம் அழும் பொமரேனியன் குட்டி: வீடே தூங்கி நான்கு நாளாகிறது

உவர்மலைவாசி:
சனிக்கிழமை கண்டியிலிருந்து எட்டு வாரப் பொமரேனியன் குட்டி ஒன்றைக் கொண்டுவந்தோம். தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று வழி நெடுக என் மடியில் தூங்கிவந்தது, திருகோணமலையில் இறங்கியதும் வேறு பிறவி எடுத்துவிட்டது. பகலில் கச்சான் காற்று அனலாய் வீசுகிறது. மலைநாட்டுக் குளிரில் பிறந்தது பாவம், குசினித் தரையில் தட்டையாய்க் கிடந்து மூச்சு வாங்குகிறது. இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்தால் ஓலம் தொடங்கும். 900 கிராம் உடம்புக்குள் அவ்வளவு தொண்டை எங்கே இருக்கிறதோ!

"நாய்க்கு விறாந்தைதான் இடம், இரண்டு நாள் கத்திவிட்டு அடங்கும்" என்கிறார் அப்பா. சாக்கு விரித்து அங்கே விட்டோம். அடங்கவில்லை. மனம் கேளாமல் பால்மா கரைத்துக் கொடுத்தேன், நேற்றிலிருந்து வயிற்றால் போகிறது. ஒரு நாள் பட்டினி போட்டால் வயிறு ஆறுமா?

உப்புவெளி அக்கா:
பட்டினி மட்டும் வேண்டாம் தங்கச்சி! பெரிய நாய்க்குச் சொல்லும் வைத்தியம் இது. இவ்வளவு சிறிய குட்டிக்குச் சில மணி நேரம் சாப்பாடு தவறினாலே இரத்தத்தில் சீனி இறங்கிவிடும். தள்ளாடும், சோர்ந்து விழும், வலிப்புக்கூட வரும். அப்படிக் கண்டால் சீனித் தண்ணீரையோ தேனையோ ஈறில் தடவிக்கொண்டே மிருக வைத்தியரிடம் ஓடுங்கள். மயங்கிய குட்டியின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, புரையேறிவிடும்.

பால்மாவை இன்றே நிறுத்துங்கள். கண்டியில் என்ன சாப்பிட்டது என்று கேட்டு, அதையே நாளுக்கு நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். புதிய உணவுக்கு மாற்றுவதென்றால் பிறகு ஒரு வாரம் எடுத்துக் கலந்து மாற்றலாம். வாந்தியோ இரத்தமோ கண்டால், அல்லது நாளைக்கும் வயிற்றால் போனால், வைத்தியரிடம் காட்டுங்கள். தடுப்பூசி முடியாத குட்டி, பார்வோ என்ற குடல் வைரஸ் நோயாக இருந்தால் ஒரு நாள் தாமதமும் ஆபத்து.

வெக்கைக்காக முடியை மழித்துவிடாதீர்கள். தண்ணீர்ச் சட்டி எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும், தரையில் ஈரத் துணி ஒன்று போடுங்கள்.

பழைய நாய்க்காரன்:
அப்பாவுடன் சண்டை பிடிக்காமல் ஒன்று செய்யுங்கள். அட்டைப் பெட்டியில் துணி விரித்து உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள், கட்டிலில் அல்ல. அங்கிருந்து குதித்தால் இந்த இனத்துக்குக் கால் முறியும். தாயோடும் கூடப்பிறந்தவையோடும் ஒட்டிப் படுத்த குட்டி அது, இருட்டில் தனியே விட்டால் அழாமல் என்ன செய்யும்? நீங்கள் உடுத்த துணி ஒன்றை உள்ளே போடுங்கள், கண்டியிலிருந்து தாயின் மணம் பட்ட துணி கிடைத்தால் இன்னும் நல்லது. அழுதால் கையை மட்டும் பெட்டிக்குள் விடுங்கள். இரவில் இரண்டு தடவையாவது மூத்திரத்துக்குத் தூக்கிப்போக வேண்டிவரும். அங்கே விளையாட்டுக் காட்டினால் தினமும் அந்த நேரத்துக்கு எழுப்பும், நான் பட்டிருக்கிறேன்.

கோட்டையடித் தம்பி:
தடுப்பூசிகள் முடியும்வரை, அதாவது ஏறக்குறைய 16 வாரம்வரை, தெருவில் இறக்காதீர்கள் அக்கா. பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், இங்கே கட்டாக்காலி நாய்கள் படுக்காத ஒழுங்கை ஏது? கடற்கரைக்குக் கையில் தூக்கிப்போய்க் காட்டலாம். இங்கே நகரத்துக்குள் திரியும் மான்கள் மேய்ந்த புல்லிலும் விடவேண்டாம், உண்ணி ஏறும். விசர்நாய்க்கடி ஊசியை மூன்று மாதமானதும் மறக்காமல் போடுங்கள்.

உவர்மலைவாசி:
வயிறு கட்டிவிட்டது. கண்டிக்காரர் கொடுத்தது ஊறவைத்த குட்டித் தீனியாம், முதலில் கேட்காதது என் பிழை. பெட்டியில் என் பழைய சட்டையைப் போட்டேன், மூன்றாம் இரவு ஒரேயொரு தடவைதான் முனகியது. அப்பா மட்டும் மாறவில்லை. இப்போது குட்டியின் சத்தம் இல்லையாம், இரண்டு மணிக்கு நான் பின்கதவு திறக்கும் சத்தத்தில் தூக்கம் கெடுகிறதாம். பிணைச்சலுக்கு எண்ணெய் விடவேண்டும்.