முன்பு ஒட்டுப்போட்டு ஓட்டிய பழைய ஜென் கார்: எந்த வேலையை முதலில் தொடங்குவது?

அல்சூர்வாசி (கேள்வி)

வணக்கம். பெங்களூரில் 2002ஆம் ஆண்டு மாருதி ஜென் ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கியிருக்கிறேன். என்ஜின் நன்றாகவே கிளம்புகிறது. முன்பு கைவைத்தவர்கள் செய்த வேலைகள்தாம் கவலை தருகின்றன. சாவியைத் திருப்பியதும் சுற்றத் தொடங்கும் ரேடியேட்டர் ஃபேன், வண்டியை அணைக்கும்வரை நிற்பதில்லை. வெப்பம் காட்டும் முள்ளோ எவ்வளவு தூரம் ஓட்டினாலும் கீழ்க்கோட்டை விட்டு எழும்புவதில்லை. ரேடியேட்டரில் இருப்பது துருநிறத் தண்ணீர். பியூஸ் பெட்டியில் ஓரிடத்தில் பியூஸுக்குப் பதிலாகச் செம்புக் கம்பி சுற்றப்பட்டிருக்கிறது. ஓட்டுநர் பக்கத் தரையில் துருவின் மேல் தகரம் வைத்துப் பட்டி பூசியிருக்கிறார்கள். பெட்ரோலும் அதிகமாகச் செலவாகிறது. முழு ஒயரிங்கையும் மாற்றச் சொல்கிறார் ஒரு மெக்கானிக். அது தேவைதானா?

ஜே.சி.ரோடு பழகியவர்

முழு ஒயரிங்கையும் இப்போது மாற்ற வேண்டாம். ஆனால் அந்தச் செம்புக் கம்பியை அகற்றும்வரை தயவுசெய்து வண்டியை எடுக்காதீர்கள். 15 ஆம்பியரில் உருகி அறுந்துபோக வேண்டிய இடத்தில் அந்தக் கம்பி அதைப்போலப் பல மடங்கு மின்னோட்டத்தைத் தாங்கும். அதற்குள் டாஷ்போர்டுக்குப் பின்னே இருக்கும் ஒயர் சூடேறித் தீப்பிடித்துவிடும். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, பியூஸ் பெட்டியின் மூடியில் குறித்துள்ள அளவிலேயே புதிய பியூஸைப் பொருத்துங்கள். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள் என்று நிறத்தைக் கொண்டே தெரிந்துகொள்ளலாம். புதிய பியூஸும் எரிந்துபோனால் அந்த ஒரு சுற்றில்தான் கோளாறு. டேப் சுற்றிய இணைப்புகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் அங்கேயே அகப்படும்.

ஃபேன், வெப்ப முள், பெட்ரோல் செலவு ஆகிய மூன்றும் ஒரே கதையைச் சொல்வதாகவே எனக்குத் தோன்றுகிறது. இந்த வண்டி எப்போதோ நெரிசலில் கொதித்திருக்க வேண்டும். காரணத்தைத் தேடாமல் தெர்மோஸ்டாட்டை (என்ஜின் சூடாகும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) கழற்றி எறிந்துவிட்டு, தேவையானபோது மட்டும் ஃபேனை இயக்கும் ரிலே என்ற மின் சுவிட்ச் இல்லாமல் நேரடியாக இணைத்திருப்பார்கள். பழுதை மறைக்க நம் ஷெட்டுகளில் மிகப் பரவலாகக் கையாளப்படும் வழி இது. வண்டியை விற்கும்வரை தாங்கும் என்பதைத் தவிர இதில் நன்மை எதுவும் இல்லை. தெர்மோஸ்டாட் இல்லாத என்ஜின் தன் இயல்பான வெப்பத்தை எட்டுவதே இல்லை. என்ஜின் இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று உணர்வி தெரிவிப்பதால், எம்.பி.எஃப்.ஐ. அமைப்பு (ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலை அளந்து தெளிக்கும் மின்னணு அமைப்பு) பெட்ரோலைக் கூடுதலாகச் செலுத்திக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலத்தைக் கழுவி, பிஸ்டன் வளையங்களையும் தேய்த்துவிடும்.

ஆனால் தெர்மோஸ்டாட்டை மட்டும் வாங்கிப் பொருத்தினால் பழைய கொதிப்பு திரும்பிவிடும். என்ஜின் முழுவதும் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக் கிளப்பிப் பாருங்கள். சூடாக இருக்கையில் மூடியைத் தொடவே கூடாது. குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டிருந்தாலோ, ஆயில் பால் கலந்த காபியின் நிறத்தில் இருந்தாலோ ஹெட் கேஸ்கெட்டை (என்ஜினின் மேல்பகுதிக்கும் சிலிண்டர் பகுதிக்கும் இடையே கசிவைத் தடுக்கும் தகடு) சந்தேகிக்க வேண்டும்.

டிங்கரிங் ஆர்வலர்

தரையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். காந்தம் ஒன்றை நகர்த்திப் பாருங்கள். பட்டி தடிமனாக உள்ள இடத்தில் அது ஒட்டாது. சுரண்டிக்கொண்டே போய், நல்ல இரும்பு தென்படும்வரை வெட்டியெடுத்து, புதிய தகட்டை வெல்டிங் செய்து, பிரைமரும் இணைப்புகளில் சீலரும் பூச வேண்டும். துருவின் மேல் போட்ட ஒட்டு ஈரத்தை உள்ளேயே தேக்கிவைத்து மேலும் அரிக்கும். வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுவதோடு, அடியில் செல்லும் பெட்ரோல் குழாய்கள் எங்கே இருக்கின்றன என்பதையும் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இருக்கையும் சீட் பெல்ட்டும் பிடித்திருக்கும் இடம்வரை துரு பரவியிருந்தால், மற்ற செலவுகளை நிறுத்திவிட்டு இதைத்தான் முதலில் செய்ய வேண்டும்.

அல்சூர்வாசி

இருவருக்கும் மிக்க நன்றி. தெர்மோஸ்டாட் உறையைத் திறந்தேன். நீங்கள் சொன்னபடியே உள்ளே ஒன்றுமில்லை. குமிழிகள் வரவில்லை, ஆயிலும் தெளிவாக இருக்கிறது. துரு சீட் பெல்ட் வரை போகவில்லை. ரேடியேட்டரைப் புதிதாகவே வாங்கிவிடலாமா?

ஜே.சி.ரோடு பழகியவர்

நல்ல செய்தி. முதலில் ரேடியேட்டரைக் கழற்றிக் கழுவிப் பாருங்கள். நம் ஊர் போர்வெல் தண்ணீரின் உப்பு படிந்து குழாய்கள் அடைபட்டிருப்பதுதான் அந்தப் பழைய கொதிப்புக்குக் காரணமாக இருக்கக்கூடும். கழுவிய பிறகும் தண்ணீர் தாராளமாக ஓடாவிட்டால் மாற்றிவிடுங்கள். என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டையும் டிஸ்டில்டு வாட்டரையும் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள்; குழாய்த் தண்ணீர் இனி ஒரு சொட்டும் வேண்டாம். தெர்மோஸ்டாட்டை, வண்டி உதிரிபாகக் கடைகள் உள்ள ஜே.சி. ரோட்டில் புதிதாகவே வாங்குங்கள். கதவுக் கைப்பிடி போன்றவற்றைச் சிவாஜிநகரில் பழையதாக எடுத்தாலும் பாதகமில்லை. ஃபேனை மறுபடி ரிலேயோடு இணைத்தபின், ஏ.சி.யை அணைத்துவிட்டு வண்டியை நிறுத்திய இடத்திலேயே ஓடவிடுங்கள். முள் பாதியைத் தாண்டியதும் ஃபேன் தானாகச் சுற்றி, சற்று நேரத்தில் தானாக நிற்க வேண்டும்.