இரவல் போன செயின்சா இறுகி வந்தது: பழுதுச் செலவு யாருடையது?

லிச்சிமரத்தான்:
கரான்ஸ் புயல் (2025 பிப்ரவரி 28) பிரெஞ்சுத் தீவான எங்கள் ரீயூனியனின் வடக்குக் கரையைப் புரட்டிப்போட்ட மூன்றாம் நாள் நடந்தது இது. மின்சாரம் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை, தெருவெல்லாம் முறிந்த கிளைகள். கோயிலில் என்னோடு தேர்வடம் பிடிக்கும் நண்பர் வந்தார். "பலாமரம் விழுந்து வாசலை அடைத்துக் கிடக்கிறது, செயின்சாவைக் கொடுங்கள், சாயங்காலம் தந்துவிடுகிறேன்" என்றார். தொட்டி நிறையப் பெட்ரோலோடு கொடுத்தேன்.

ஐந்து நாள் கழித்துத் திரும்பி வந்தது. பளபளவென்று துடைத்திருந்தார்கள். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது. கயிற்றை இழுத்தால் பாதியில் நிற்கிறது. பழுது பார்ப்பவர் சைலன்சரைக் கழற்றிக் காட்டினார்: பிஸ்டன் முழுக்கக் கீறல். பிஸ்டன், சிலிண்டர், கூலி எல்லாம் சேர்த்து 340 யூரோ. புதிதாக வாங்கியபோதே 620தான். நண்பரோ, "எங்களிடம் நன்றாக ஓடியது, கடைசியில் தானாக நின்றது" என்கிறார். பணம் கேட்கலாமா?

பழைய காரைக்கால்:
கேட்காதீர்கள் தம்பி. புயலடித்த வாரத்தில் கொடுத்ததற்குக் கணக்குப் பார்க்கக் கூடாது. எங்கள் தெருவில் கல்யாண அண்டா ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது. அது போகாத கல்யாணம் இல்லை. நசுங்கித்தான் திரும்பி வரும். அந்த வீட்டு அம்மாள் ஒருவரிடமும் ஈயம் பூசிய கூலியைக் கேட்டதில்லை.

சவுக்குத்தோப்பு:
ஐயா, அண்டாவில் பிஸ்டன் கிடையாது. சாயங்காலம் என்று வாங்கியவர் ஐந்து நாள் வைத்திருந்திருக்கிறார். ஐந்து நாள் ஒரே பலாமரத்தையா அறுத்தார்? முதலில் அதைக் கேளுங்கள்.

லிச்சிமரத்தான்:
கேட்டேன். பலாவை முதல் நாளே முடித்துவிட்டாராம். பிறகு செயின்ட் சூசானில் இருக்கும் அவருடைய மைத்துனர் வீட்டுக்குப் போயிருக்கிறது. அங்கே ஒரு புளியமரமாம். இன்றைக்குத்தான் சொல்கிறார்.

சவுக்குத்தோப்பு:
புளிய மரம்! இறைச்சிக் கடையில் அடிக்கட்டையாகப் போடுகிற மரம். மழுங்கிய சங்கிலியை வைத்துக்கொண்டு அழுத்தி அழுத்தி அறுத்திருப்பார்கள். முழுப் பணத்தையும் வாங்குங்கள். இரவல் பொருளை இரவல் விட்டவருக்கு என்ன இரக்கம்?

கறிவேப்பிலை:
எல்லாரும் மரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். இரண்டாம் தொட்டிக்குப் பெட்ரோல் எங்கிருந்து வந்தது?

லிச்சிமரத்தான்:
நான் தொட்டியை மட்டும்தான் நிரப்பிக் கொடுத்தேன், கேன் கொடுக்கவில்லை. "எண்ணெய் கலந்து ஊற்றுங்கள்" என்று வாயால் சொன்னேன். எவ்வளவு என்று சொன்னேனா என்பது நினைவில்லை.

கொல்லைப்பட்டறை:
சகோதரி கேட்டதுதான் கேள்வி. இருபது ஆண்டுகளாகப் புல்வெட்டியும் ரம்பமும் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

இந்த இயந்திரம் 2 ஸ்ட்ரோக். காரில் இருப்பதுபோல் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும் இடம் இதற்கு இல்லை. பெட்ரோலோடு கலந்து வருகிற எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயிர். 50க்கு 1 என்றால் 5 லிட்டருக்கு 100 மில்லி. அது இல்லாமல் வெறும் பெட்ரோலை ஊற்றி, நிமிடத்துக்கு 12,000 சுற்றில் ஓட்டினால், சிலிண்டருக்கு முன்னால் பிஸ்டன் சூடேறிப் பருத்து, சுவரை உரசி, அலுமினியம் உருகி ஒட்டிக்கொள்ளும். தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

ஆனால் கீறலெல்லாம் ஒரே கீறல் இல்லை. எண்ணெயே இல்லையென்றால் பெரும்பாலும் பிஸ்டனைச் சுற்றி எல்லாப் பக்கமும் கீறியிருக்கும். புகை வெளியேறும் பக்கம் மட்டும் மோசமாக இருந்தால், எண்ணெய் வந்திருக்கிறது, பெட்ரோல் போதவில்லை. அல்லது எங்கோ காற்று அதிகமாகப் புகுந்திருக்கிறது. பெட்ரோல் வடிகட்டி அடைத்திருக்கலாம், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர் குழாய் வெடித்திருக்கலாம், கிராங்க் சீல் (சுழல்தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் வளையம்) தேய்ந்திருக்கலாம். அப்படியானால் அது உங்கள் வீட்டிலேயே தொடங்கிய நோய்.

தொட்டியில் மிச்சம் இருந்தால் கொட்டிவிடாதீர்கள். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, அடுப்பு, நெருப்பு இல்லாத இடத்தில் காற்றாட வையுங்கள். வெறும் பெட்ரோல் என்றால் ஆவியாகி ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சாது. எண்ணெய் இருந்தால் பஜ்ஜி வைத்த தாள்போல் கறை நிற்கும்.

சவுக்குத்தோப்பு:
இயந்திரம் நின்ற பிறகு பயந்துபோய்க் கலவையை வாங்கி ஊற்றியிருந்தால்? தாள் என்ன சொல்லும்?

கொல்லைப்பட்டறை:
தாள் சொல்லாது. பிஸ்டன் சொல்லும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

சட்டப்புத்தகம்:
நம் தீவில் பிரெஞ்சுக் குடிமைச் சட்டம்தான் நடக்கிறது, எனவே அதையும் பார்த்துவிடுவோம். இலவசமாக இரவல் கொடுப்பதற்கென்றே 1875 முதல் 1891 வரை பிரிவுகள் இருக்கின்றன. 1880: வாங்கியவர் பொருளை நியாயமான கவனத்தோடு காக்க வேண்டும். 1884: எந்த வேலைக்காக வாங்கினாரோ அந்த வேலையினாலேயே, அவர் தவறு இல்லாமல், பொருள் தேய்ந்தால் அவர் பொறுப்பில்லை. இது நண்பருக்குச் சாதகம்.

1881 அவருக்குப் பாதகம். வேறு உபயோகத்துக்கோ, உரிய காலத்துக்கு மேலோ பயன்படுத்தினால், தற்செயலாகப் பொருள் அழிந்தாலும் அவரே பொறுப்பு. பலாமரத்துக்கு வாங்கியது புளியமரத்துக்குப் போனது. ஒரு நாள் ஐந்து நாளானது.

நீதிமன்றம்வரை போக வேண்டாம். இவ்வளவு சிறிய தொகைக்கு முதலில் சமரசம் பேசிப் பார்த்தாக வேண்டும். அதற்கான நீதித்துறைச் சமரசர் கட்டணம் வாங்குவதில்லை. காப்பீட்டை நம்ப வேண்டாம். இரவல் வாங்கிய பொருளை வீட்டுக் காப்பீடு பெரும்பாலும் விலக்கிவைத்திருக்கும்.

பழைய காரைக்கால்:
ஒரு பலாமரத்துக்குப் பதினேழு பிரிவா! நாளைக்கு அந்த நண்பர் வடத்தின் மறுபக்கம் நின்றால் எந்தப் பிரிவைக் காட்டுவீர்கள்?

கறிவேப்பிலை:
ஐயா, கேட்காமல் மனத்துக்குள் வைத்துக்கொண்டு வடம் பிடிப்பது மட்டும் நட்பா? என் அண்ணனின் துளைக்கும் இயந்திரம் ஒரு வீட்டுக்கு இரவல் போய்ப் பத்து ஆண்டுகள் ஆகின்றன. ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வீட்டுக் கல்யாணத்துக்கும் போகவில்லை. பெருந்தன்மை என்று எல்லாரும் சொன்னார்கள். எனக்கு அது பெருந்தன்மையாகத் தெரியவில்லை.

பழைய காரைக்கால்:
அது உங்கள் அண்ணன் குறை அம்மா, இரவலின் குறை அல்ல.

லிச்சிமரத்தான்:
தாளில் கறை நிற்கிறது. நன்றாகவே நிற்கிறது. கடைக்குப் போய்ப் பிஸ்டனையும் மறுபடி பார்த்தேன். புகை வெளியேறும் பக்கம் மட்டும்தான் உழுத வயல்போல் இருக்கிறது. மறுபக்கம் ஏறத்தாழச் சுத்தம். முழுக்கக் கீறல் என்று நான் எழுதியது கோபத்தில் எழுதியது.

கொல்லைப்பட்டறை:
அப்படியென்றால் ஒன்றை மறைக்காமல் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன்னால், விசையை விட்டபிறகும் வேகம் குறையாமல் சற்று நேரம் இரைந்துகொண்டே இருந்ததா?

லிச்சிமரத்தான்:
இருந்தது. டிசம்பரில் லிச்சி அறுவடைக்குப் பிறகு கிளை கழித்தபோதே அப்படித்தான். நல்ல சுறுசுறுப்பு என்று நினைத்தேன்.

கொல்லைப்பட்டறை:
அது சுறுசுறுப்பு இல்லை, காய்ச்சல். காற்றுக் கசிவின் முதல் அடையாளம் அதுதான். ரப்பர் குழாயை மடக்கிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சவுக்குத்தோப்பு:
இருந்தாலும் மைத்துனர் வீட்டுக்குப் போகாமல் இருந்திருந்தால் நின்றிருக்காது அல்லவா? நோயாளியை மலையேற்றியவருக்குப் பொறுப்பே இல்லையா?

சட்டப்புத்தகம்:
நோயாளி என்று அவரிடம் யாரும் சொல்லவில்லையே. 1891ஐயும் சொல்லிவிடுகிறேன்: உபயோகிப்பவருக்குக் கேடு தரும் குறை என்று தெரிந்தும் எச்சரிக்காமல் கொடுத்தால், கொடுத்தவரே பொறுப்பு. இவருக்குத் தெரியாது, எனவே இது இவர்மேல் பாயாது. ஆனால் முழு 340 யூரோவைக் கேட்கும் வாயை நானாக இருந்தால் மூடிக்கொள்வேன்.

சவுக்குத்தோப்பு:
நான் மூட மாட்டேன். 1881ஐ நீங்கள்தான் எடுத்துக்கொடுத்தீர்கள்.

லிச்சிமரத்தான்:
சண்டை வேண்டாம். ரப்பர் குழாய் அடிப்பக்கத்தில் விரல் நீளத்துக்கு வெடித்திருக்கிறது. பழைய வெடிப்பு, ஓரமெல்லாம் கறுத்திருக்கிறது. இதைச் சொல்லலாம் என்று நேற்று நண்பர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஓர் உறை எடுத்து வந்தார். 200 யூரோ. மைத்துனரிடம் பாதி வாங்கியிருக்கிறார். அவர்கள் இருவருக்கும் இப்போது பேச்சு இல்லையாம். குழாயைக் காட்டி விவரம் சொன்னேன். "அப்படியானாலும் புளியமரத்துக்குக் கொண்டுபோனது நான்தானே" என்றார். நூறை வாங்கிக்கொண்டு நூறைத் திருப்பிக் கொடுத்தேன். மைத்துனருக்குக் கொடுக்கச் சொன்னேன்.

பழைய காரைக்கால்:
அந்த நூறையும் வாங்கியிருக்கக் கூடாது.

கறிவேப்பிலை:
வாங்கியதுதான் சரி. வாங்காவிட்டால் அவர் அடுத்த முறை உங்கள் வாசலுக்கு வர மாட்டார்.

கொல்லைப்பட்டறை:
சிலிண்டரைத் தூக்கிப் போடாதீர்கள். ஒட்டியிருக்கும் அலுமினியத்தை அமிலம் வைத்துக் கரைத்தெடுத்தால், உள்பூச்சு உரியாதிருக்கும் பட்சத்தில் அதுவே உழைக்கும். பிஸ்டன், வளையம், ரப்பர் குழாய் மட்டும் மாற்றுங்கள். செலவு பாதியாகும். குழாயை மாற்றாமல் பிஸ்டனை மட்டும் மாற்றினால் புதியதும் இதே வழியில் போகும். இனி யாருக்குக் கொடுத்தாலும் நீங்களே கலந்த கேனையும் சேர்த்துக் கொடுங்கள். அதுவும் ஒரு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்க வேண்டாம்.

லிச்சிமரத்தான்:
அப்படியே செய்யச் சொல்லிவிட்டேன். உதிரிப் பாகம் கப்பலில் வர மூன்று வாரம் ஆகுமாம். அதுவரை லிச்சிக் கிளை இரண்டு வேலிமேல் தொங்கிக்கொண்டிருக்கும். செயின்ட் ஆந்த்ரே பக்கம் யாரிடமாவது நல்ல கைரம்பம் இருந்தால், இரண்டு நாளுக்கு இரவல் கிடைக்குமா?

சவுக்குத்தோப்பு:
என்னிடம் இருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். பல்லை எண்ணி வைத்திருக்கிறேன்.